ஹோலியோக்: ஆறு கட்டிய ஊரா, ஆற்றை விற்ற கம்பெனி கட்டிய ஊரா?

#1 – காகிதக்கப்பல்

காகித ஆலை ஊர்களைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் "ஆறு இருந்தது, ஆலை வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆறு எத்தனையோ ஊரில் ஓடுகிறது. எல்லா இடத்திலுமா இருபதுக்கும் மேற்பட்ட காகித ஆலைகள் வரிசைகட்டி நின்றன? ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பேசலாம் என்றுதான் இந்த இழை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள ஹோலியோக். 'காகித நகரம்' என்பது அதன் பட்டப்பெயர்.

கனெக்டிகட் ஆறு அங்கே குறுகிய தூரத்துக்குள் சுமார் 60 அடி இறங்குகிறது. இறங்கிய கையோடு நிலத்தைச் சுற்றி ஒரு பெரிய வளைவு போடுகிறது. வளைவின் மேல்முனையில் அணை கட்டி, நடுநிலத்தில் கால்வாய் வெட்டினால், எடுத்த தண்ணீரைக் கீழ்முனையில் ஆற்றிலேயே திருப்பி விட்டுவிடலாம். லோவல் நகரத்துப் பருத்தி ஆலைகளில் பணம் பார்த்த பாஸ்டன் முதலாளிகளுக்கு இது போதாதா? ஹேட்லி ஃபால்ஸ் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

1848 நவம்பர் 16 அன்று மரத்தாலான முதல் அணையின் மதகுகளை மூடினார்கள். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். பொழுது சாய்வதற்குள் அணை போய்விட்டது. "உங்கள் அணை வில்லிமான்செட் வழியாக நரகத்துக்குப் போய்விட்டது" என்று பாஸ்டனுக்குத் தந்தி பறந்ததாக அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள் (வில்லிமான்செட் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் இடம்). அடுத்த வருடமே இரண்டாவது மர அணை எழுந்தது. 1900இல் கருங்கல் அணை வேலைக்கு வரும் வரைக்கும் அதுதான் தாங்கியது. ஆக அரை நூற்றாண்டு!

ஊரின் தலையெழுத்தை எழுதியது ஆறு இல்லை, ஆற்றுத் தண்ணீரை அளந்து விற்ற கம்பெனி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 – புதுவரவு

சார், இரண்டு கேள்வி. கால்வாய் மூன்று அடுக்கு என்று எங்கோ படித்தேன். ஒரே ஆற்றுக்கு எதற்கு மூன்று? இன்னொன்று, ஓடுகிற தண்ணீரை எப்படி 'அளந்து' விற்பது? மீட்டரா வைத்தார்கள்?

#3 – கரைவாசி

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். அந்தப் பக்கம் குடியிருப்பதால் கால்வாய்க் கரையில் அடிக்கடி நடப்பேன்.

அணைக்கு மேலிருந்து வரும் தண்ணீர் முதல் கால்வாயில் நுழைகிறது. அதற்கு இணையாக, சுமார் 20 அடி தாழ்வில் இரண்டாவது கால்வாய். இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஆலைகள். முதல் கால்வாயில் எடுத்த தண்ணீர் ஆலையின் அடியில் டர்பைனைச் சுற்றிவிட்டு இரண்டாவதில் விழும். இரண்டாவதை ஒட்டிய ஆலைகள் அதே தண்ணீரைத் திரும்ப எடுத்து, இடத்தைப் பொறுத்து மூன்றாவது கால்வாயிலோ நேராக ஆற்றிலோ விடும். 60 அடி இறக்கத்தை ஒரே ஆலையால் பயன்படுத்த முடியாது. அந்தக் காலச் சக்கரங்களுக்கு 20 அடி தோதான உயரம். அதனால்தான் படிக்கட்டாக வெட்டினார்கள். மூன்றும் சேர்ந்து சுமார் நாலரை மைல் நீளம். முழுவதும் முடிய 1890கள் ஆகிவிட்டது.

நேரில் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். முதல் கால்வாய்ப் பாலத்தில் நின்றால் தண்ணீர் கிட்டத்தட்ட சாலை மட்டத்தில், கரை தளும்ப, சத்தமே இல்லாமல் நிற்பது போலத் தெரியும். பக்கத்தில் செங்கல் ஆலை. சுவரின் அடியில் இரும்புக் கம்பித் தடுப்பு, அதில் இலையும் சுள்ளியும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்க முடியாது, குப்பை நகர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியே ஆலையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் நீங்கள் ஒரு மாடி இறங்கியிருப்பீர்கள். அங்கே சுவரின் அடியில் தாழ்வான கல் வளைவுகள், அதன் வழியாக அதே தண்ணீர் நுரையோடு வெளியே வரும். இப்போது பல வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

#4 – காகிதக்கப்பல்

கரைவாசி சொன்னதோடு சேர்த்து, அளப்பது பற்றி.

பருத்தி நகரம் கட்டுகிறோம் என்று இறங்கிய ஹேட்லி ஃபால்ஸ் கம்பெனி 1857 பொருளாதார நெருக்கடியில் நொடித்துப் போனது. 1859இல் ஆல்பிரட் ஸ்மித் என்பவர் முன்னின்று அணை, கால்வாய், நிலம் எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்தார். கட்டிய செலவோடு பார்த்தால் அடிமாட்டு விலை. ஹோலியோக் வாட்டர் பவர் கம்பெனி பிறந்தது இப்படித்தான். அதன் சரக்கு நிலமும் தண்ணீரும்.

தண்ணீர் விற்ற அலகுக்குப் பெயர் 'மில் பவர்'. 20 அடி இறக்கத்தில் விநாடிக்கு 38 கன அடி தண்ணீர். லிட்டர் கணக்கில் விநாடிக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல். ஏட்டுக் கணக்குப்படி 86 குதிரைத்திறன் வரும், நல்ல டர்பைன் என்றால் 65 வரை கைக்குக் கிடைக்கும். ஆலை வைக்க வருபவர் நிலத்தோடு சேர்த்து இத்தனை மில் பவர் என்று குத்தகை எழுதுவார், ஆண்டுதோறும் வாடகை கட்டுவார். எழுதியதற்கு மேல் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம்.

எழுதியதற்கு மேல் எடுக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் கிளெமென்ஸ் ஹெர்ஷல் வருகிறார். 1879 முதல் பத்து வருடம் கம்பெனியின் நீரியல் பொறியாளர். அவர் போட்ட திட்டம் எனக்கு இன்றும் வியப்பு. ஆலையில் பொருத்தும் முன் டர்பைனைக் கம்பெனியின் சோதனைக் கால்வாய்க்குக் கொண்டுவர வேண்டும். டர்பைனுக்குத் தண்ணீர் விடும் கதவு இவ்வளவு திறந்தால், இவ்வளவு இறக்கத்தில், இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அங்கே அட்டவணை போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த டர்பைனே மீட்டர்! கம்பெனி ஆள் ஆலைக்குப் போய்க் கதவுத் திறப்பையும் தண்ணீரின் மேல்மட்டம் கீழ்மட்டத்தையும் குறித்துக்கொண்டு வந்தால் போதும், பில் தயார்.

அந்தச் சோதனைச்சாலை பிறகு நாடு முழுவதற்கும் டர்பைன் தேர்வு மையமாகிவிட்டது. 'ஹோலியோக்கில் சோதித்தது' என்று விற்பனைப் பட்டியலில் போட்டுக்கொள்வது டர்பைன் தயாரிப்பாளர்களுக்குப் பெருமை. குழாயில் ஓடும் நீரை அளக்கும் வென்ச்சுரி மீட்டரும் ஹெர்ஷல் ஹோலியோக்கில் இருந்தபோது, 1887 வாக்கில், உருவாக்கியதுதான். தண்ணீர்ப் பில் போடும் கவலையில் பிறந்த கருவி என்று நான் சொல்வேன்.

#5 – பீட்டர் ரூம்

இழையில் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆலைக்குள்ளே அந்தச் சக்தி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லையே? நான் காகித ஆலையில் கூழ் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் சொல்கிறேன்.

ஹோலியோக்கில் முக்கியமாகச் செய்தது கந்தல் துணியில் இருந்து எடுக்கும் உயர்தர எழுதுதாள். மரக்கூழ் இல்லை. பருத்தி, லினன் கந்தலைத் துண்டு போட்டு, சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து, கழுவி, பீட்டரில் போடுவார்கள். பீட்டர் என்றால் நீள்வட்டத் தொட்டி. அதில் கத்திப் பட்டைகள் வைத்த கனமான உருளை சுற்றும், அடியிலும் பட்டைகள். நடுவில் சிக்கும் நார் பிரிந்து, நுனி சிலிர்த்து, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வர வேண்டும். கந்தலுக்கு இது மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு உருளையை இறக்கினால் நார் வெட்டுப்பட்டுப் போகும், தாளுக்கு வலு இருக்காது. கூழைக் கையில் அள்ளி, தண்ணீரில் கலக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத்தான் 'ஆச்சு' என்போம்.

இப்படி ஒரு ஆலையில் வரிசையாகப் பீட்டர்கள், இரவு பகலாக. உயர்தரத் தாள் ஆலையில் அதிகச் சக்தியைத் தின்பது இந்தப் பகுதிதான். நெசவாலை சாயங்காலம் மணி அடித்தால் நின்றுவிடும், பீட்டர் நிற்காது. ராத்திரியில் சும்மா ஓடும் தண்ணீரையும் காசாக்கத் துடிக்கும் கம்பெனிக்குக் காகித ஆலையைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

இன்னொரு விஷயம். காகித இயந்திரத்தின் கதையே வேறு. அதன் வேகம் கொஞ்சம் ஆடினாலும் தாளின் கனம் மாறும், இல்லாவிட்டால் அறுந்துபோகும். கால்வாய் மட்டம் ஏறி இறங்கினால் டர்பைன் வேகமும் மாறும். அதனால் பல ஆலைகளில் பீட்டருக்கு டர்பைன், காகித இயந்திரத்துக்குச் சின்ன நீராவி எஞ்சின் என்று பிரித்துவிட்டார்கள். எஞ்சினில் இருந்து வெளியேறும் ஆவியைத் தாள் உலர்த்தும் உருளைக்குத் திருப்பிவிட்டால் எரிபொருளும் வீண் இல்லை. அந்த ஊர்ப் பழைய படங்களில் அத்தனை புகைபோக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

#6 – எதிர்க்கட்சி

> புகைபோக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்

இதைத்தான் எதிர்பார்த்தேன். புகைபோக்கி நின்றது, நிலக்கரி ரயிலில் வந்தது. அப்புறம் என்ன நீர்சக்தி நகரம்? கந்தல் ஐரோப்பாவில் இருந்தெல்லாம் கப்பலில் வந்தது. விற்பனை நியூயார்க், பாஸ்டன் வியாபாரிகள் கையில். ரயில் இல்லையென்றால் அந்த அணை ஒரு பெரிய மீன் தொட்டிதான். காகிதக்கப்பல் கம்பெனியைத் தலைமேல் தூக்கி வைக்கிறார். ஆனால் அது பருத்திக்காகக் கட்டிய அணை. முதல் காகித ஆலையான பார்சன்ஸ் பேப்பர் கம்பெனி 1853லேயே வந்துவிட்டது. உங்கள் வாட்டர் பவர் கம்பெனிக்கு ஆறு வருடம் முன்னால்!

#7 – காகிதக்கப்பல்

எதிர்க்கட்சி நண்பரே, பார்சன்ஸ் முன்னால் வந்தது உண்மை. ஆனால் வரிசையாகக் காகித ஆலைகள் குவிந்தது 1859க்குப் பிறகு. வைட்டிங் பேப்பர் கம்பெனி 1865, அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக. பழைய கம்பெனி தானே பெரிய நெசவாலை நடத்த நினைத்தது. புதுக் கம்பெனிக்கு எவன் வந்தாலும் சரி, வாடகை வந்தால் போதும். குறைந்த முதலோடு வருபவனும் அணை கட்டாமல், கால்வாய் வெட்டாமல், ஒரு மில் பவர் இரண்டு மில் பவர் எழுதி ஆலை போடலாம். சின்னச் சின்னக் காகித ஆலைகள் அத்தனை முளைத்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்கிறேன்.

கம்பெனி ஆள் பிடித்ததற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1874 மே மாதம் பக்கத்து மில் ரிவர் பள்ளத்தாக்கில் அணை உடைந்து 139 பேர் இறந்தார்கள். வில்லியம் ஸ்கின்னர் என்பவரின் பட்டு ஆலை அடித்துக்கொண்டு போனது. மனுஷன் அடுத்து எங்கே கட்டுவது என்று யோசிக்கும்போதே ஹோலியோக் கம்பெனி சலுகைகளோடு கதவைத் தட்டிவிட்டது. அவர் ஹோலியோக்குக்கே வந்துவிட்டார். ரயில் பல ஊருக்குப் போனது, இப்படிக் கதவைத் தட்டும் கம்பெனி எத்தனை ஊரில் இருந்தது?

நிலக்கரி பற்றி: பீட்டர் ரூம் ஐயா சொன்னதை முழுதாகப் படியுங்கள். ஆவி உலர்த்துவதற்கு எப்படியும் வேண்டும். அதிகச் சக்தி கேட்ட வேலையைச் செய்தது தண்ணீர்தான்.

#8 – நாலாம் ஷிப்டு

கம்பெனியா ஆறா என்று இரண்டு பேரும் முட்டிக்கொள்ளுங்கள். நாலரை மைல் கால்வாயை மண்வெட்டியும் வண்டியுமாக வெட்டியது யார்? பெரும்பாலும் அயர்லாந்தில் இருந்து வந்த கூலிகள். அவர்களுக்குப் பின் பிரெஞ்சு கனடாக்காரர்கள், அப்புறம் போலந்துக்காரர்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் போர்ட்டோ ரிகோ மக்கள். கால்வாயை ஒட்டியே வரிசை வீடுகள், மேட்டில் முதலாளி வீடுகள். நீர்மட்டம் போலவே குடியிருப்பும் அடுக்கு அடுக்காக அமைந்த ஊர் அது.

கந்தல் அறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்தது பெண்கள். மேசையில் அரிவாள் போன்ற கத்தியைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள், கூர்ப்பக்கம் எதிர்ப்புறம் பார்த்து இருக்கும். கந்தலை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் இழுத்து இழுத்துக் கிழிக்க வேண்டும். பொத்தான், கொக்கி, தையல் எல்லாம் வெட்டி எடுத்து, வெள்ளை, சாயம், லினன், பருத்தி என்று பெட்டி பெட்டியாகப் பிரிக்க வேண்டும். எங்கெங்கோ யார் யாரோ உடுத்திக் கழித்த துணி, அந்தத் தூசியைத்தான் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். தாளைப் பளபளப்பாக்கி எண்ணி அடுக்கும் அறையிலும் பெண்கள்தான். டர்பைன் இந்த இரண்டு அறைக்கும் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. நீர்சக்தி மலிவு என்றால் அதோடு ஒட்டிய கைவேலையும் மலிவாக இருந்தது என்று சேர்த்தே எழுதுங்கள்.

#9 – சட்டப்புள்ளி

இந்த இழையில் ஒரு வழக்கை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தண்ணீர்க் குத்தகை காலவரையின்றி ஓடும் என்பதால் பணத்தின் மதிப்பு விழுந்துவிடுமோ என்று கம்பெனிக்குப் பயம். அதனால் வாடகையை வெறும் டாலரில் எழுதாமல், 1,500 டாலர் மதிப்புள்ள 1894ஆம் வருடத்துத் தரமான தங்க நாணயத்துக்குச் சமமான தங்கம், இல்லையென்றால் அதற்கு ஈடான பணம் என்று எழுதி வைத்தார்கள். 1933இல் அமெரிக்க அரசு தங்க ஷரத்துகளைச் செல்லாதது ஆக்கியது. அடுத்த வருடம் ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலரில் இருந்து 35 டாலர் ஆனது. ஷரத்துப்படி பார்த்தால் 1,500 டாலர் வாடகை ஏறக்குறைய 2,540 டாலர்.

குத்தகைதாரர் அமெரிக்கன் ரைட்டிங் பேப்பர் கம்பெனி. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நிறுவனம். 1,500க்கு மேல் ஒரு டாலர் தர முடியாது என்றது. நாங்கள் கேட்பது பணமில்லை, தங்கம் என்ற சரக்கு என்று வாட்டர் பவர் கம்பெனி வாதாடியது. 1937இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ தீர்ப்பு எழுதினார்: கம்பெனிக்கு வேண்டியது தங்கக் கட்டி இல்லை, நிலையான மதிப்புள்ள வாடகை. ஆகவே இது பணக் கடன்தான், 1,500 டாலர் போதும். தங்க ஷரத்து பற்றிய முக்கியமான வழக்குகளில் இதுவும் ஒன்று, மூலகாரணம் ஒரு காகித ஆலையின் தண்ணீர் வாடகை!

#10 – புதுவரவு

இவ்வளவு வலுவான ஏற்பாடு ஏன் சரிந்தது? தண்ணீர் வற்றிவிட்டதா?

#11 – எதிர்க்கட்சி

தண்ணீர் வற்றவில்லை தம்பி. தண்ணீரின் பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டிய அவசியம்தான் வற்றிப்போனது. சுழல்தண்டும் பெல்ட்டும் வைத்துச் சக்தியைக் கடத்திய காலத்தில் ஆலை கால்வாயை ஒட்டித்தான் நிற்க முடியும். மின்சாரம் வந்ததும் கம்பி போகும் தூரமெல்லாம் ஆலை போகலாம். நயாகராவின் மின்சாரம் 1896லேயே பஃபலோ நகரத்துக்குப் போய்விட்டது. 20 அடி இறக்கத்து ஓரமாக நிலம் வைத்திருப்பவனுக்கு அப்புறம் என்ன தனி மரியாதை?

கூடவே மரக்கூழ். செய்தித்தாளுக்கும் மலிவுத் தாளுக்கும் மரம்தான் என்றானதும் பெரிய ஆலைகள் காடும் ஆறும் சேர்ந்து இருக்கும் மெய்ன் மாநிலம், கனடா பக்கம் எழுந்தன. ஹோலியோக் கந்தல் தாளை நம்பி நின்றது. 1899இல் ஆலைகளை ஒன்றிணைத்து சட்டப்புள்ளி சொன்ன அதே அமெரிக்கன் ரைட்டிங் பேப்பர் கம்பெனியைக் கட்டினார்கள். ஹோலியோக்கின் பெரும்பாலான தாள் ஆலைகள் அதில் போய் விழுந்தன. பழைய ஆலைகளைக் கூடுதல் விலைக்கு வாங்கிக் கடன் தலைக்கு மேல் ஏறி, 1923இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்குப் போனது. ஊரின் மக்கள்தொகை 1920இல் 60,203. 2020இல் 38,238.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் காகிதக்கப்பல்: உங்கள் கம்பெனி செய்த படிக்கட்டு ஏற்பாடே பின்னால் சுமையாகிவிட்டது. பெரிய டர்பைன் வந்த பிறகு முழு இறக்கத்தையும் அணையடியில் ஒரே வீச்சில் எடுப்பதுதான் லாபம். 1950இல் அணையை ஒட்டி ஹேட்லி ஃபால்ஸ் மின்நிலையத்தை அப்படித்தான் கட்டினார்கள்.

#12 – கரைவாசி

அணைக்குக் கீழே இன்னொரு தரப்பும் உண்டு: மீன். கடலில் இருந்து முட்டையிட ஏறிவரும் ஷாட் மீனுக்கு அணை குறுக்கே நின்றது. மீன்வழி கட்டு என்று மாநிலம் சொல்ல, எங்கள் உரிமப் பத்திரத்தில் அப்படி இல்லை என்று கம்பெனி மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1872இல் மாநிலம் வென்றது. வென்று என்ன, உருப்படியாக மீன் ஏறியது 1955இல் மீனுக்கு லிஃப்ட் வைத்த பிறகுதான். தொட்டியில் மீன் சேர்ந்ததும் தொட்டியோடு மேலே தூக்கி அணைக்கு அந்தப் பக்கம் விடுவார்கள். மே, ஜூனில் போனால் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

#13 – பீட்டர் ரூம்

இப்போது அங்கே தாள் ஓடுகிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

#14 – கரைவாசி

ஐயா, பார்சன்ஸ் ஆலை 2005இல் மூடியது, 2008இல் கட்டடம் தீப்பிடித்தது. வாங்கிய தாளுக்குப் பூச்சு போட்டு, உலோகத் தகடு ஒட்டி, ஒளிரும் அட்டை செய்யும் ஹேசன் பேப்பர் என்ற குடும்ப நிறுவனம் 1925 முதல் இருக்கிறது. நீங்கள் கேட்கும் பீட்டர் அங்கே கிடையாது.

அணையும் கால்வாய்களும் 2001 கடைசியில் ஊரின் சொந்த மின்வாரியத்துக்குக் கைமாறின. எரிவாயுவும் மின்சாரமும் விற்கும் அந்த நகராட்சி நிறுவனம் 1902இலேயே தொடங்கியது, அதுவும் வாட்டர் பவர் கம்பெனியின் மின் வியாபாரத்தை ஊர் வாங்கிக்கொண்டு. நூறு வருடம் கழித்து ஆற்றையும் வாங்கிவிட்டார்கள்.

2012இல் எம்ஐடி, ஹார்வர்டு உள்ளிட்ட ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கால்வாயோரப் பழைய ஆலை மனை ஒன்றில் பெரிய கணினி மையம் திறந்தன. காரணம் மலிவான நீர்மின்சாரம். ராத்திரி பகல் நிற்காத வாடிக்கையாளர், பீட்டர் மாதிரியே.

#15 – காகிதக்கப்பல்

பார்த்தீர்களா எதிர்க்கட்சி? கம்பி எங்கே வேண்டுமானாலும் போகும் என்றீர்கள், அவர்கள் கால்வாய்க் கரைக்கே வந்துவிட்டார்கள்.

#16 – எதிர்க்கட்சி

வந்தார்கள், வேலை எத்தனை பேருக்கு வந்தது? ஒரு கந்தல் அறையில் இருந்த பெண்களின் எண்ணிக்கைக்கு அந்தக் கணினி மையத்தில் ஆள் இருக்குமா? மலிவு மின்சாரம் இருக்கிறது, அணை இருக்கிறது, கால்வாய் இருக்கிறது. தொழில் நகரம் எங்கே? ஆறு மட்டும் போதாது என்று நான் சொன்னதும் இதைத்தான், நீங்கள் இழை தொடங்கியதும் இதைச் சொல்லித்தான். பிறகு எதற்குப் பதினைந்து பதிவாகச் சண்டை போடுகிறோம் என்று புரியவில்லை.